ஜீன் டெஸ்ட்டுக்குப் பதிலா பெட் ஸ்கேன் எடுத்துக்கலாமா? ஹன்டிங்டன் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு என் பதில்

நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன் தங்கச்சி. அப்பாவுக்கு 58 வயசு, ஒன்றரை வருஷமா கை கால் தானா ஆடுது, கோப்பி கப்பு கையிலேர்ந்து நழுவுது, தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க "மாமா குடிக்க ஆரம்பிச்சிட்டாரா"ன்னு அம்மா காதுபடவே பேசிட்டுப் போயிருக்காங்க. இப்ப ரத்த டெஸ்ட்ல ஹன்டிங்டன்னு, பரம்பரையா வர்ற மூளை நோய்னு உறுதியாகி, சிஏஜி (அந்த ஜீன்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு எழுத்துக் கோர்வையோட எண்ணிக்கை) 43ன்னு வந்திருக்கு. ஞாபக மறதி கொஞ்சம் அதிகமா இருக்குறதால வேற ஏதாவது சேர்ந்து இருக்கான்னு பார்க்க டாக்டர் ஒரு பெட் ஸ்கேன் எழுதியிருக்கார், அம்மா ரேடியோஆக்டிவ் ஊசின்னதும் பயந்து போய் வேணாம்ங்கிறாங்க. உங்களுக்கு 31, ரெண்டு வயசுல பையன், தம்பிக்கு தை மாசம் கல்யாணம். ஜீன் டெஸ்ட்னா ஒரே அடியா தீர்ப்பு மாதிரி வந்து விழுது, அதனால நானும் தம்பியும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாமா, மூளை நல்லாருந்தா நிம்மதியா இருக்கலாம்லன்னு கேட்டிருக்கீங்க.

நான் டாக்டர் இல்ல. இங்க சிங்கப்பூர்ல நியூக்ளியர் மெடிசின்ல (கதிரியக்க மருந்து வச்சு மருத்துவம் பார்க்குற பிரிவு) டெக்னாலஜிஸ்ட்டா 22 வருஷம் வேலை பார்த்தவன், ஊசி போட்டு, மெஷின்ல படுக்க வச்சு, படம் எடுத்துக் கொடுக்குறது என் வேலையா இருந்துச்சு. அந்த அனுபவத்துல முதல்லயே நேரடியா சொல்லிடுறேன், அப்பாவுக்கு ஸ்கேன் எடுங்க, பயப்பட வேணாம், ஆனா நீங்களும் தம்பியும் "எனக்கு வருமா வராதா"ன்னு தெரிஞ்சுக்க பெட் ஸ்கேன் எடுக்காதீங்க. அந்தக் கேள்விக்கு பெட் ஸ்கேன் பதில் சொல்லாது, சில நேரம் நீங்க கேக்காத பதிலைச் சொல்லிடும், ரெண்டுமே ஆபத்து. ஏன்னு விளக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த மெஷின் என்ன பார்க்குதுன்னு புரிஞ்சுக்கணும். எம்ஆர்ஐ எடுத்தா மூளையோட உருவம் தெரியும், எந்த இடம் சுருங்கியிருக்கு, எந்த இடம் முழுசா இருக்குன்னு. பெட் ஸ்கேன் உருவத்தைப் பார்க்குறதில்ல, வேலையைப் பார்க்குது. அப்பாவுக்குப் போடப் போற மருந்து எஃப்டிஜி, அது குளுக்கோஸ் மாதிரியே இருக்குற ஒரு பொருள், அதுல ஃப்ளோரின்-18ங்கிற கதிரியக்க அணுவை ஒட்ட வச்சிருப்பாங்க. மூளை செல் இதை சர்க்கரைன்னு நெனச்சு உள்ள இழுத்துக்கும், ஆனா உள்ள போனப்புறம் முழுசா செரிக்க முடியாது, அப்படியே மாட்டிக்கும். உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா நாம ஓய்வா இருக்கும்போது உடம்பு செலவு பண்ற சக்தியில கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அதுதான் எடுத்துக்குது, அதனால நல்லா வேலை செய்யுற பகுதி படத்துல பிரகாசமா எரியும், சோர்ந்து போன பகுதி மங்கலா இருக்கும். அந்த ஃப்ளோரின் அணு உடையும்போது பாசிட்ரான் ஒண்ணு வெளிய வரும், பக்கத்துல இருக்குற எலக்ட்ரானோட மோதி ரெண்டும் அழிஞ்சு, ரெண்டு காமாக் கதிர் எதிரெதிர் திசையில பறக்கும், தலையைச் சுத்தி இருக்குற வளையம் அந்த ரெண்டையும் ஒரே நேரத்துல பிடிச்சு, இந்தக் கோட்டுலதான் எங்கயோ நடந்திருக்குன்னு கணக்குப் போடும். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்துத்தான் படம் வருது.

ஹன்டிங்டன்ல முதல்ல அடிபடுறது ஸ்ட்ரையேட்டம்னு மூளையோட நடுவுல ஆழத்துல இருக்குற பகுதி, அதுல காடேட், புட்டாமென்னு ரெண்டு பாகம். அசைவு, யோசனை, மனநிலை மூணுக்கும் அந்த இடம் ஒரு சந்திப்பு மாதிரி, தோபி காட் எம்ஆர்டியில லைன்லாம் சேர்ற மாதிரின்னு வச்சுக்கங்க. அங்க கோளாறுன்னா கை ஆடுறது மட்டும் இல்ல, கோவம், சோர்வு, மறதி எல்லாம் வரும், அசைவுக்கு முன்னாடியே கூட வரும். நம்ம வீடுகள்ல இதைக் குடி, பேய், புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லிடுறாங்க, உங்க பெரியப்பா திருச்சியில நரம்புத் தளர்ச்சியில செத்தாருன்னு எழுதியிருந்தீங்கல்ல, அவரும் இதுவாத்தான் இருந்திருக்கலாம், பாவம் மனுஷனை யாரும் புரிஞ்சுக்கல.

1980கள்லயே எஃப்டிஜி வச்சுப் பார்த்தவங்க, எம்ஆர்ஐயோ சிடியோ சுருக்கத்தைக் காட்டுறதுக்கு முன்னாடியே காடேட் மங்கிடுறதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. அப்ப ஜீன் எதுன்னே தெரியாது, 1993லதான் நாலாவது குரோமோசோம்ல அந்த ஜீனைப் பிடிச்சாங்க, அதுக்கு 10 வருஷம் முன்னாடி 1983ல அது நாலாவது குரோமோசோம்லதான் இருக்குங்கிற அளவுக்கு வந்திருந்தாங்க. அதனால ஒரு காலத்துல, ரத்த டெஸ்ட் இல்லாத நாள்ல, இந்த ஸ்கேன் வச்சே யாருக்கு வரும்னு சொல்லிடலாமான்னு டாக்டருங்க யோசிச்சது நெசம். உங்க யோசனையும் அதேதான், 40 வருஷம் கழிச்சு வந்திருக்கு. அது ஏன் நிக்கலங்கிறதுக்குக் காரணம் இருக்கு.

காடேட் மங்கலா இருந்தா அது ஹன்டிங்டன்தான்னு அர்த்தம் இல்ல, வில்சன் நோய்லயும் மங்கலாம், நியூரோஅகாந்தோசைட்டோசிஸ்னு ஒரு அபூர்வ நோய்லயும் அப்படியே இருக்கும். அதே மாதிரி, மங்கலா இல்லன்னா ஜீன் இல்லன்னும் அர்த்தம் இல்ல. இதைத்தான் நீங்க நல்லா மனசுல வாங்கணும். 31 வயசுல ஜீன் இருக்குறவங்க மூளையும் எஃப்டிஜியில பளிச்சுன்னு இருக்கலாம். படத்தைப் பார்த்து "அப்பாடா"ன்னு வீட்டுக்கு வந்து, தம்பி கல்யாணம் பண்ணி, குழந்தை பெத்து, 45ல கை ஆட ஆரம்பிச்சா? நல்ல படம் இன்னிக்கு மூளை எப்படி இருக்குன்னுதான் சொல்லும், ஜீனைப் பத்தி வாயே திறக்காது.

அடுத்து ரேக்ளோப்ரைட்னு ஒண்ணு, அதைப் பத்தியும் நெட்ல படிச்சதா எழுதியிருந்தீங்க. அது சர்க்கரை இல்ல, டோபமைன்ங்கிற மூளை ரசாயனம் வந்து உக்கார்ற இடமான டி2 ரிசெப்டார்ல போய் ஒட்டிக்கிற மருந்து, கார்பன்-11ங்கிற கதிரியக்க அணு போட்டது. ஹன்டிங்டன்ல செத்துப் போற செல்லுங்கமேலதான் இந்த ரிசெப்டார் நிறைய இருக்கு, அதனால செல் குறைய குறைய ஒட்டுறதும் குறையும். நோய் வராத, ஆனா ஜீன் இருக்குற ஆளுங்களை இதுல பார்த்தப்ப சிலருக்குக் குறைஞ்சிருந்துச்சு, சிலருக்கு ஒண்ணுமே தெரியல. இன்னொரு சிக்கல், மனசு அமைதிக்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்த மாத்திரையே போய் அதே ரிசெப்டார்ல உக்காந்துக்கும், அப்புறம் படத்தை நம்ப முடியாது. கார்பன்-11க்கு அரை ஆயுள், அதாவது பாதியா குறையுற நேரம், வெறும் 20 நிமிஷம், ஒரு மணி நேரத்துல எட்டுல ஒரு பங்குதான் மிஞ்சும், அதனால சைக்ளோட்ரான் (கதிரியக்க அணுவை உண்டாக்குற மெஷின்) இருக்குற கட்டடத்துலயே தயார் பண்ணி, ஓடிப் போய் ஊசி போடணும், சாதாரண ஆஸ்பத்திரி வேலை இல்ல அது, ஆராய்ச்சிக்கூட வேலை. ஃப்ளோரின்-18க்கு 110 நிமிஷம், அதனாலதான் எஃப்டிஜியை காலைல தயார் பண்ணி வண்டியில ஏத்தி வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுது, நம்ம சின்ன ஊர்ல அது ஒரு பெரிய வசதி.

இதைவிட முன்கூட்டியே காட்டுறதும் இருக்கு. பிடிஇ10ஏன்னு ஒரு என்சைம், ஸ்ட்ரையேட்டம் செல்லுங்கள்லதான் அதிகமா குவிஞ்சு கிடக்கும். 2015ல லண்டன்ல ஒரு குழு இதைப் படம் எடுத்து, நோய் ஆரம்பிக்கும்னு கணக்குப் போட்ட நாளுக்கு சராசரியா 25 வருஷம் முன்னாடி இருக்குறவங்ககிட்டயே இது குறைஞ்சிருக்குன்னு காட்டுனாங்க. படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா அந்த ஜீன் உண்டாக்குற ஹன்டிங்டின்ங்கிற கெட்டுப் போன புரதம் அவ்ளோ சீக்கிரமே வேலையைக் காட்டுதுன்னு உயிரோட இருக்குற மனுஷன் மூளையிலயே பார்க்க முடிஞ்சிருக்கு. அந்தக் கெட்ட ஹன்டிங்டின் புரதக் கட்டிலேயே நேரா போய் ஒட்டுற மருந்தும் மனுஷங்ககிட்ட சோதிக்குற அளவுக்கு வந்திருக்கு. ஆனா கவனிங்க, இந்த ஆராய்ச்சியில படுத்தவங்க எல்லாருக்கும் ஜீன் இருக்கா இல்லையான்னு முன்னாடியே தெரியும். ஜீன் தெரிஞ்ச ஆளை வச்சுத்தான் ஸ்கேனை அளந்தாங்க, ஸ்கேனை வச்சு யாருக்கு ஜீன் இருக்குன்னு தேடல.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துடுறேன், உங்க மச்சான் அமிலாய்ட் (மூளையில படியுற ஒரு புரதம்) ஸ்கேன் எடுக்கச் சொன்னாருன்னு போட்டிருந்தீங்க. அது அல்சைமருக்கு. அல்சைமர்லயும் பரம்பரையா வர்ற அபூர்வமான வகை இருக்கு, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2, ஏபிபின்னு மூணு ஜீன். அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2012ல வெளியிட்ட ஆராய்ச்சியில, நோய் வரும்னு எதிர்பார்க்குற வயசுக்கு 15 வருஷம் முன்னாடியே பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்ங்கிற மருந்து வச்சு எடுத்த படத்துல அமிலாய்ட் தெரிஞ்சுச்சு, எஃப்டிஜியில மங்குறது 10 வருஷம் முன்னாடி தெரிஞ்சுச்சு. அருமையான வேலை. ஆனா ஹன்டிங்டன்ல சேர்றது வேற புரதம், அமிலாய்ட் மருந்து ஊத்துனா ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு மருந்தும் ஒரே ஒரு பூட்டுக்குத்தான் சாவி, எந்தப் பூட்டுன்னு தெரியாம காசு கொட்டாதீங்க.

இப்ப நான் பார்த்த ஒரு விஷயம் சொல்றேன், ரொம்ப வருஷம் ஆச்சு, எங்கன்னு சொல்லல, யாருன்னும் சொல்லல. முப்பதுகள்ல ஒருத்தர், தலைவலி, ஞாபகம் நிக்கலன்னு எஃப்டிஜிக்கு வந்தாரு. குடும்பத்துல என்ன நோய்னு ஃபார்ம்ல எழுதல, எழுதுறதுக்கு யாரும் கேக்கவும் இல்ல. ரிப்போர்ட்ல காடேட் ரெண்டு பக்கமும் குறைவு, ஹன்டிங்டன் இருக்கலாம்னு ஒரு வரி. அவருக்கு அம்மா வழியில இந்த நோய் இருந்தது தெரியும், டெஸ்ட் பண்ணிக்க வேணாம்னு அவரே உறுதியா முடிவு பண்ணி வச்சிருந்தாராம். ரிப்போர்ட்டைக் கையில வாங்கி, பஸ் ஸ்டாப்புல உக்காந்து, போன்ல ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடி தெரிஞ்சுக்கிட்டாரு. பக்கத்துல ஆள் இல்ல, கவுன்சலர் இல்ல, தண்ணி குடிக்கறியான்னு கேக்க நாதி இல்ல. மறுநாள் எங்ககிட்ட வந்து, "நான் இதைக் கேக்கவே இல்லையே"ன்னாரு, அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு. படம் எடுத்தது நான். அதுக்கப்புறம் மறதி, நடுக்கம்னு யார் வந்தாலும் குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சான்னு வாயால கேட்டு, ஆமான்னா டாக்டர்கிட்ட போன் போட்டுட்டுத்தான் ஊசியையே எடுப்பேன்.

அதான் சொல்றேன், ஸ்கேன் ஜீன் டெஸ்ட்டைவிட மென்மையானதுன்னு நெனைக்காதீங்க. ஜீன் டெஸ்ட்டுக்காவது ஒரு ஒழுங்கு இருக்கு. நோய் இல்லாதவங்களுக்குச் செய்யும்போது முன்னாடி கவுன்சலிங், யோசிக்க நேரம், ரத்தம் கொடுத்தப்புறம்கூட "எனக்கு ரிசல்ட் வேணாம்"னு சொல்லிட்டு எழுந்து போகுற உரிமை, ரிசல்ட்டை நேர்ல உக்கார வச்சு சொல்றது, கூட ஒரு ஆளை அழைச்சுட்டு வரச் சொல்றது. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு இது எதுவும் கிடையாது. பதிலும் ஜீன் டெஸ்ட்லதான் தெளிவு, சிஏஜி 40ஓ அதுக்கு மேலயோன்னா வாழ்நாள்ல வரும், 36லேர்ந்து 39 வரைன்னா வரலாம் வராமலும் போகலாம், 26க்குள்ளன்னா கவலையே இல்ல. உங்களுக்கும் தம்பிக்கும் தனித்தனியா பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கு இல்லன்னு கணக்கு கிடையாது, ரெண்டு பேரும் தப்பிக்கலாம். அப்பா வழியா வரும்போது எண்ணிக்கை கூடலாம்ங்கிறதையும் கவுன்சலர்கிட்ட கேளுங்க. பையனுக்கு இப்ப எந்த டெஸ்ட்டும் செய்ய மாட்டாங்க, செய்யவும் கூடாது, அவன் பெரியவனாகி அவனே முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

தெரிஞ்சுக்காம இருக்குறதும் ஒரு முடிவுதான், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. நான்சி வெக்ஸ்லர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், அவங்க அம்மா இந்த நோயில 1978ல இறந்தாங்க, இவங்க வெனிசுவேலாவுல மரக்கைபோ ஏரிக்கரை கிராமங்களுக்கு வருஷா வருஷம் போய், ஆயிரக்கணக்கான பேர்கிட்ட ரத்தம் வாங்கி, பெரிய வம்ச வரைபடமே போட்டாங்க, அதனாலதான் ஜீனே கிடைச்சுச்சு. டெஸ்ட் வர்றதுக்கு வழி போட்டவங்களே தான் டெஸ்ட் பண்ணிக்கிட்டாங்களா இல்லையான்னு ரொம்ப வருஷம் வெளிய சொல்லல. 2020லதான் தனக்கும் அந்த நோய் இருக்குன்னு சொன்னாங்க. அவங்களுக்கே அவ்ளோ நாள் தேவைப்பட்டுச்சு, நீங்க ஒரு வாரத்துல முடிவு பண்ணணும்னு யார் சொன்னது?

தம்பி கல்யாணம் பத்தி. பொண்ணு வீட்ல மறைக்கிறதா வேணாமான்னு நீங்க கேக்கல, ஆனா அந்தக் கவலைதான் வரிக்கு வரி தெரியுது. என் கருத்து, பொண்ணுகிட்ட, பொண்ணோட அம்மா அப்பாகிட்ட இல்ல, பொண்ணுகிட்ட தம்பி வாயால சொல்லணும், அப்பாவுக்கு இது இருக்கு, எனக்குத் தெரியாதுன்னு. கல்யாண மண்டபம் புக் பண்ணியாச்சுங்கிறது காரணம் ஆகாது. குழந்தை விஷயத்துல வழி இருக்கு, கருவை உடம்புக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஜீன் பார்த்துத் தேர்ந்தெடுக்குற வசதி இங்க 2021லேர்ந்து வழக்கமான சேவையாவே வந்துடுச்சு.

இன்ஷூரன்ஸும் கேட்டிருந்தீங்க. 2021 அக்டோபர்லேர்ந்து சுகாதார அமைச்சுக்கும் ஆயுள் காப்புறுதிச் சங்கத்துக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு, ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வான்னு கம்பெனி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, ஏற்கனவே எடுத்த முன்கணிப்பு ரிசல்ட்டையும் பெரும்பாலும் கேக்க முடியாது, ரொம்பப் பெரிய தொகை பாலிசிக்கு மட்டும் சில டெஸ்ட் ரிசல்ட்டைக் கேக்கலாம், அதுல ஹன்டிங்டன் ஒண்ணு. ஆனா அது பேசுறது ஜீன் டெஸ்ட்டைப் பத்தி. மூளை ஸ்கேன் ஜீன் டெஸ்ட் இல்ல, அது உங்க மருத்துவ வரலாறு, மருத்துவ வரலாறையும் குடும்ப வரலாறையும் கம்பெனி கேக்கலாம். பாதுகாப்பான வழின்னு நெனச்சு நீங்க போற வழிலதான் பாதுகாப்பு கம்மி, பார்த்துக்கங்க.

அப்ப பெட் ஸ்கேன் இந்த நோய்ல எதுக்குத்தான்னு கேட்டா, உங்க அப்பா மாதிரி ஆளுக்கு, இது ஹன்டிங்டன் மட்டுமா, பக்கத்துல அல்சைமர் மாதிரி ஒண்ணு சேர்ந்திருக்கான்னு பார்க்க, ஏன்னா அல்சைமர்ல மங்குறது பக்கவாட்டுலயும் பின்பக்க மேல்பகுதியிலயும், ஹன்டிங்டன்ல முதல்ல நடுவுல. இன்னொண்ணு மருந்துச் சோதனைக்கு. 2021 மார்ச்ல டோமினெர்சென்னு ஒரு ஹன்டிங்டன் மருந்தோட பெரிய சோதனையில ஊசி போடுறதையே நிறுத்திட்டாங்க, எத்தனை குடும்பம் அதை நம்பி இருந்துச்சு தெரியுமா. மருந்து மூளைக்குள்ள வேலை செய்யுதா இல்லையான்னு கை ஆடுறதை வச்சு வருஷக்கணக்கா காத்திருக்காம நேரா பார்க்கணும்னா இந்த மாதிரிப் படங்கள் வேணும், அதுக்காகத்தான் நான் இந்தத் துறையை இவ்ளோ மதிக்கிறேன். ஆனா 2022ல உலகளவுல நோயை நிலை நிலையா பிரிச்சப்பகூட முதல் நிலைக்கு அவங்க எடுத்துக்கிட்ட அளவு எம்ஆர்ஐயில தெரியுற காடேட், புட்டாமென் அளவுதான், பெட் இல்ல.

அம்மாவுக்குச் சொல்லுங்க, மூளைக்கு மட்டும் எஃப்டிஜி எடுத்தா கதிர் அளவு சுமாரா 4லேர்ந்து 7 மில்லிசீவெர்ட், பூமியில சும்மா வாழ்றதுக்கே மனுஷனுக்கு உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 கிடைக்குது. காலைல 10 மணிக்கு ஊசி போட்டா 11.50க்கு பாதி, மத்தியானம் 1.40க்கு கால், அப்படியே போய் ராத்திரி 9 மணிக்கு 64ல ஒரு பங்குதான் மிச்சம், அதுலயும் ஒரு பகுதி சிறுநீர்லயே போயிருக்கும், தண்ணி நல்லா குடிக்க வைங்க. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மட்டும் பேரனைத் தாத்தா மடில உக்கார வைக்க வேணாம், கர்ப்பிணி யாராவது வீட்டுக்கு வர்றதா இருந்தா மறுநாள் வரச் சொல்லுங்க, அவ்ளோதான்.

அப்பாவுக்கு சர்க்கரை இருக்குன்னீங்க, அதை முன்கூட்டியே ஸ்கேன் பண்ற இடத்துக்கு போன் பண்ணிச் சொல்லிடணும், ரத்தத்துல சர்க்கரை ஏறிக் கிடந்தா மூளை எஃப்டிஜியை சரியா எடுத்துக்காது, படம் மங்கி வீணாயிடலாம், மாத்திரை இன்சுலின் எப்ப நிறுத்தணும்னு அவங்க சொல்றபடி செய்யுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. நாலஞ்சு மணி நேரம் வெறும் வயிறு, காலைல பால் கோப்பி கூடாது, வெறும் தண்ணி ஓகே. ஊசி போட்டப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல விளக்கு மங்கின ரூம்ல பேசாம படுத்திருக்கணும், போன் பார்க்கக் கூடாது, ஏன்னா பார்த்தா பார்க்குற மூளைப் பகுதிதான் எரியும். கை கால் ஆடுறவங்களுக்கு ஸ்கேன் பத்து இருபது நிமிஷம் தலையை அசைக்காம வைக்குறதுதான் கஷ்டம், தலைக்கு பெல்ட் போடுவாங்க, தேவைப்பட்டா மயக்க மருந்தும் உண்டு, ஆனா அது ஊசி போட்டு மூளை சர்க்கரையை எடுத்து முடிச்சப்புறம்தான் கொடுக்கணும், முன்னாடி கொடுத்தா படமே மாறிடும், இதை நீங்களே ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்க. செலவு விஷயத்துல மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எவ்ளோ எடுக்கலாம், உதவித்தொகை உண்டான்னு ஆஸ்பத்திரி மருத்துவ சமூக சேவகரைப் பாருங்க, கூச்சப்பட வேணாம்.

அப்புறம் அந்த ரூம் ரொம்பக் குளிரும், குளிர்ல நடுக்கம் அதிகமாகும். வீட்டுலேர்ந்து அவருக்குப் பழகுன போர்வை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஊசி போடுறவரைக்கும் அம்மாவைப் பக்கத்துலயே உக்கார விடச் சொல்லுங்க, கேட்டா விடுவாங்க.